கரை ஒதுங்கிய கட்டக்கோரை

மண்டபத்திலிருந்து கடலோரமாக மேற்கே போனால் வேதாளை, சீனியப்பா தர்கா, புதுமடம் என்று ஊர்கள் வரும். மழைக்காலத்தில் காற்று ஓங்கி அடித்து ஓய்ந்த மறுநாள் காலை அந்தக் கரையில் நடந்தால் காலில் இடறுவது பழுப்பு நிறப் பாசிக் குவியல்தான். ஈரமாக இருக்கும்போது புளிக்கரைசல் நிறம். காய்ந்துவிட்டால் கரி நிறம், மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மிதித்தால் உள்ளே இருக்கும் சிறு குமிழ்கள் பட்பட்டென்று உடையும். வலையில் வந்து சிக்கினால் மீனவருக்கு எரிச்சல். எடை போட்டு வாங்கும் வியாபாரிக்கு அது சரக்கு. ஊரில் அதற்குக் கட்டக்கோரை என்று பெயர். பாசியியல் படித்தவர்கள் சர்காசம் என்பார்கள்.

பெயர் தெரிந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்கலாம். சர்காசம் என்பது ஓர் ஆளின் பெயரல்ல, குடும்பப் பெயர் மாதிரி. உலகக் கடல்களில் அந்தப் பெயரில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் சொல்லப்படுகின்றன. மன்னார் வளைகுடாவிலேயே பல உண்டு. போதாக்குறைக்கு, பார்த்த மாத்திரத்தில் அதுபோலவே தெரியும் வேறு பழுப்புப் பாசிகளும் அதே குவியலில் கலந்து கிடக்கும். கையில் கிடைத்தது எது என்று ஓரளவு நிச்சயமாகச் சொல்ல என்னென்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் நிறத்தைப் பற்றி. பாசிகளைப் பச்சை, சிவப்பு, பழுப்பு என்று மூன்று பெரும் பிரிவாகச் சொல்வது வழக்கம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். வெயிலில் கிடந்த சிவப்புப் பாசி மஞ்சளாக, பழுப்பாக, வெள்ளையாகக்கூட வெளுத்துக் கிடக்கும். பழுப்புப் பாசிக்கு அந்த நிறம் ஃபூக்கோசாந்தின் என்ற நிறமியால் வருகிறது. அடியில் பச்சையமும் இருக்கிறது; அதன் மேல் போர்த்திய சால்வை மாதிரிதான் இந்தப் பழுப்பு. சந்தேகமாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு துண்டைக் கொதிக்கும் நீரில் போட்டுப் பாருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு மறைந்து பளிச்சென்று பச்சையாகும். சூட்டில் ஃபூக்கோசாந்தினைத் தாங்கியிருந்த புரதப் பிணைப்பு குலைந்து, உள்ளே இருந்த பச்சை மேலோங்கிவிடுகிறது. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இதைச் செய்துகாட்டாமல் விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாம் இலை, தண்டு, காய் என்று சொல்லப்போவதெல்லாம் வசதிக்காகத்தான். பழுப்புப் பாசி செடியே அல்ல. வேப்பமரத்துக்கும் நெல்லுக்கும் உள்ள உறவு வரிசையில் அதற்கு இடமில்லை. கண்ணுக்குத் தெரியாத டயாட்டம்கள்தான் அதன் நெருங்கிய சொந்தம். மாவுச்சத்தைச் சேமித்துவைக்காமல் லாமினாரின் என்ற வேறொரு சர்க்கரைப் பொருளைச் சேமிக்கிறது. கால் மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் அது வேர் இல்லை. நீரையோ சத்தையோ அது உறிஞ்சுவதில்லை. பாறையைப் பற்றிக்கொள்வது மட்டுமே அதன் வேலை.

அந்தக் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். புதிதாகப் பாசி பொறுக்குகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, அழகாக இருக்கும் நுனிக்கிளையைக் கிள்ளிக்கொண்டு வருவது. அல்லது மேலாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பி 'இது என்ன?' என்று கேட்பது. நுனியை மட்டும் பார்த்துச் சர்காச இனத்தைச் சொல்வது, ஒருவருடைய தலைமுடியை மட்டும் பார்த்து அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வது போல. காரணம், இந்தப் பாசியில் அடி இலையும் நுனி இலையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அடியில் அகலமாக, தடித்து இருக்கும். மேலே போகப் போகக் குறுகிச் சிறுத்துவிடும். ஒரே தண்டிலிருந்து இரண்டு துண்டை வெட்டித் தனித்தனியாகக் காட்டினால் இரண்டு இனம் என்று சொல்லிவிடத் தோன்றும்.

ஆகவே குவியலில் தேடி, அடித்தட்டோடு இருக்கும் முழுப் பாசி ஒன்றை எடுங்கள். சர்காசத்தின் அடியில் வட்டமான தட்டோ சிறு கூம்போ இருக்கும். பாறையிலோ இறந்த பவளத்திலோ ஒட்டியிருந்து, அலை இழுத்த இழுப்பில் பெயர்ந்து வந்ததாக இருந்தால் தட்டின் அடியில் ஒரு சில்லு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கரீபியன் கரைகளில் 2011 முதல் மலைமலையாக ஒதுங்குவதாகச் செய்தியில் வருகிறதே, அதுவும் சர்காசம்தான்; ஆனால் அந்த இனங்களுக்கு அடித்தட்டே கிடையாது. பிறப்பு முதல் இறப்பு வரை மிதந்துகொண்டே இருப்பவை. நம் கரையில் ஒதுங்குவது பாரில் வளர்ந்து, அறுந்து வந்தது. மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். பாசி பொறுக்கும் இடங்களும் பெரும்பாலும் இந்தப் பார்களே.

அடித்தட்டைப் பார்த்தாயிற்று என்றால், அதிலிருந்து கிளம்பும் தண்டில் விரலை ஓட்டுங்கள். வழவழப்பாக இருக்கிறதா, சொரசொரப்பாகக் குட்டி முட்கள் தட்டுப்படுகின்றனவா? உருண்டையாக இருக்கிறதா, பட்டையாக அழுந்தியிருக்கிறதா? தண்டெங்கும் முட்கள் இருந்து, அடியிலிருந்து கொடி ஓடி அங்கங்கே மறுபடி பற்றிக்கொண்டிருந்தால், குமிழ்களும் மிளகளவில் ஏராளமாக இருந்தால், அது சர்காசம் பாலிசிஸ்டம். பல குமிழ் என்பதுதான் அந்தப் பெயரின் பொருளே. இந்த ஒரு இனத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லிவிடலாம்.

இலைக்கு வருவோம். கட்டக்கோரை என்று மூட்டை மூட்டையாகப் போகும் சரக்கில் மன்னார் வளைகுடாவில் முக்கியமானது சர்காசம் வைட்டியை. அதன் இலை நீண்டது, அகலம் குறைவு, இரு முனையும் கூம்பி நெட்டிலிங்க இலையைச் சிறுக்கவைத்தது போல இருக்கும். நடு நரம்பு அவ்வளவு எடுப்பாகத் தெரியாது. இலையைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள் தெரியும். அவை நுண்ணிய குழிகள். ஒவ்வொன்றிலும் மயிர்க்கற்றை ஒன்று இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் இருந்தால் போதும். இதற்கு மாறாக, இலை அகலமாக, ஓரம் முழுவதும் பல் பல்லாக இருந்தால் சர்காசம் இலிசிஃபோலியம் பக்கம் யோசிக்க வேண்டும். இலை மெல்லிசாக, அடியில் வைத்த விரல் நிழலாடும் அளவுக்கு இருந்தால் சர்காசம் டெனெரிமம்.

அடுத்தது குமிழ். குமிழ்களின் வேலை எளியது. உள்ளே காற்று, அது பாசியை நீருக்குள் நிமிர்த்தி, வெளிச்சம் கிடைக்கும் மேல்மட்டத்துக்கு ஏந்திக்கொள்கிறது. வைட்டியை இனத்தில் குமிழ் பெரிதாக, உருண்டையாகவோ சற்று நீள்வட்டமாகவோ இருக்கும். சிறு காம்பில் நிற்கும். கவனிக்க வேண்டியது அதன் தலை. பல குமிழ்களின் உச்சியில் குட்டி இலை ஒன்றோ காது போன்ற துருத்தலோ இருக்கும். எல்லாக் குமிழிலும் இருக்காது, அதனால் ஒன்றைப் பார்த்து முடிவு கட்டாமல் பத்தைப் பாருங்கள். குமிழின் மேல் சுண்ணாம்பு தெறித்தது போல வெள்ளைச் சுருள்கள் தெரிந்தால் அதைப் பாசியின் அடையாளம் என்று எழுதிவிடாதீர்கள். அது பாசி மேல் குடியேறிய குழாய்ப்புழுவின் வீடு.

குமிழ் எங்கே இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். சர்காசத்தில் அது தண்டுக்கும் இலைக்கும் இடையிலான கக்கத்தில், தனிக் காம்பில் இருக்கும். இதே குவியலில் கிடக்கும் சிஸ்டோசீரா டிரைநோடிஸ் என்ற பாசியில் அப்படி இல்லை. அங்கே கிளையே ஊதிக் குமிழாகியிருக்கும், அதுவும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு மூன்று, மணி கோத்தது போல. ஹார்மோஃபைசாவில் கிளை மூன்று சிறகு வைத்தது போல் முப்பட்டையாக இருக்கும். குமிழ் அந்தப் பட்டைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 'குமிழ் இருக்கிறது, ஆகவே சர்காசம்' என்று சொல்லிவிடும் அவசரக்காரர்கள் சறுக்குவது இந்த இரண்டில்தான். நானும் சறுக்கியிருக்கிறேன். சிஸ்டோசீராவைச் சர்காசம் என்று அட்டையில் எழுதி, பல மாதம் கழித்து அடித்துத் திருத்திய தாள் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.

குமிழே இல்லாமல் பழுப்பாக இருந்தால் குழப்பம் குறைவு. விசிறி போல விரிந்து, விளிம்பு உள்ளே சுருண்டு, மேலே வெள்ளை வெள்ளையாக அரைவட்டக் கோடுகள் ஓடினால் படைனா. அந்த வெள்ளை சுண்ணாம்பேதான். பழுப்புப் பாசிகளில் சுண்ணாம்பு படியவிடுவது மிக அபூர்வம். பட்டை நாடா கவடு கவடாக இரண்டாகப் பிரிந்துகொண்டே போனால் டிக்டியோட்டா. உள்ளே காற்றோ நீரோ நிரம்பிய சுருங்கல் பந்து மாதிரி இருந்தால் கால்பொமீனியா. வலை போலச் சல்லடைத் துளையாக இருந்தால் ஹைட்ரோகிளாத்ரஸ். இவற்றை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

டர்பினேரியாவுக்கு மட்டும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அது கட்டக்கோரையோடு சேர்ந்தே வளரும், சேர்ந்தே ஆலைக்கும் போகும். இலைக்குப் பதிலாகக் கெட்டியான சிறு புனல்கள் தண்டைச் சுற்றி நெருங்கி நிற்கும். புனல் வாய் ஓரத்தில் பல் இருக்கும். பாசி எடுக்கும் பெண்கள் அதைப் பக்கோடா பாசி என்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் என்று கேட்கத் தோன்றாது. அதிலும் மூன்று இனம் இங்கே உண்டு. புனல் வாயில் ஒரு வரிசைப் பல்லுக்கு உள்ளே இன்னொரு வரிசையும் இருந்தால் ஆர்னேட்டா. முக்கோணக் கூம்பின் விளிம்புகள் காம்பின் அடிவரை சிறகாக இறங்கினால் டெகரன்ஸ். காம்பு அப்படிச் சிறகில்லாமல் தெளிவாகத் தெரிந்து, வாயோரம் மெலிந்து ஒரே வரிசைப் பல் இருந்தால் கொனாய்டிஸ். சர்காசத்தின் சிக்கல்களில் மண்டை காய்ந்தவர்களுக்கு டர்பினேரியா ஓர் ஆறுதல்.

காலம் ஒத்துவந்தால் கடைசி அடையாளமும் கிடைக்கும். முதிர்ந்த சர்காசத்தின் இலைக்கக்கத்தில், குமிழுக்குப் பக்கத்தில், திப்பிலியைச் சின்னதாக்கியது போலச் சொரசொரப்பான கதிர்கள் கொத்தாக இருக்கும். அதில்தான் இனப்பெருக்கச் செல்கள் உருவாகும் குழிகள் உள்ளன. லென்ஸில் பார்த்தால் குழிகளின் வாய் துளைத்துளையாகத் தெரியும். மன்னார் வளைகுடாவில் மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில் பாசி நன்றாக வளர்ந்து, இந்தக் கதிர்கள் காணக் கிடைக்கும். இனத்தை உறுதியாகச் சொல்ல விரும்புகிறவர் கதிர் வரும்வரை காத்திருப்பார். கதிர் உருண்டையா பட்டையா, முள் உண்டா, கிளைத்திருக்கிறதா என்பதெல்லாம் பழைய நூல்களில் இனம் பிரிக்கும் சாவிகள்.

வெளிநாட்டுப் பாசி வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு நம் கரைக்கு வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரிட்டன், அயர்லாந்துப் பாறைக் கரைகளில் கடல் ஒரு நாளில் பல மீட்டர் ஏறி இறங்கும். அங்கே வளரும் ஃபூக்கஸ் வகைகளில், பாறையின் எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது என்பதே பாதி விடை. மேல்மட்டத்தில் ஓர் இனம், நடுவில் ஓர் இனம், கீழே ஓர் இனம் என்று பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டு வாழும். மன்னார் வளைகுடாவில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. பாறை அவ்வளவாக வெளியே தெரிவதே இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகமாக வற்றும்போது போனால் பாறை இடுக்குக் குட்டைகளில் நிற்கும் பாசியைப் பார்க்கலாம். மற்றபடி கட்டக்கோரை முழங்கால் ஆழத்திலிருந்து முங்கிப் போகும் ஆழம்வரை நீருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே உயரத்தை வைத்து இனம் சொல்லும் வித்தை இங்கே பலிக்காது. சொல்லப்போனால் ஃபூக்கஸே நம் கடலில் கிடையாது, அந்தப் படத்தோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டியதில்லை.

பெயர் விஷயத்துக்கு ஒரு கதை இருக்கிறது. வைட்டியை என்பது ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பெயர். 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகச் சென்னை வந்து, 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரித்தவர். அவர் பெயரைத் தாங்கிய இந்தப் பாசியை 1848-இல் முறையாக வெளியிட்டவர் சுவீடன் நாட்டுப் பாசியியலாளர் யாக்கோப் அகார்த். அவருடைய தந்தை கார்ல் அகார்த்தும் பாசியியலாளர். அவர் 1820-இலேயே சர்காசம் சுவார்ட்சியை என்று ஓர் இனத்துக்குப் பெயர் வைத்திருந்தார். இன்று வகைப்பாட்டாளர்கள் மகன் பெயரிட்டதும் தந்தை பெயரிட்டதும் ஒன்றே என்று சேர்க்கிறார்கள். முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி, எனவே அந்தக் கணக்கில் வைட்டியை போய் சுவார்ட்சியை நிற்கிறது. ஆனால் நம் ஊர் ஆய்வுக் கட்டுரைகளில் வைட்டியை என்ற பெயர் வேரூன்றிவிட்டது. இரண்டு பெயரையும் கண்டால் மிரள வேண்டாம்.

இப்படிப் பெயர்கள் உருண்டுகொண்டிருப்பதற்குப் பாசியே காரணம். அலை மோதும் பாறையில் வளர்ந்தது குட்டையாகத் தடிக்கும், அமைதியான நீரில் வளர்ந்தது நெடுநெடுவென்று மெலியும். வயது மாறினால் இலை மாறும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குக் காய்ந்த துண்டாகப் போய்ச் சேர்ந்தவற்றை வைத்து ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு பெயர் சூட்டினார்கள். டி.என்.ஏ. ஒப்பீடு வந்த பிறகு பல பெயர்கள் ஒன்றாகிவிட்டன. நம் பக்கத்தில் உயிரோடு பார்த்து எழுதியவர்களில் முன்னோடி எம்.ஓ.பி. அய்யங்கார், பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவின் கடற்பாசிகளைப் பற்றி அவர் எழுதியது 1927-இல் வெளிவந்தது.

பாசி எடுக்கும் பெண்களுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி இறங்குகிற நேரத்தில் அவர்களுக்குத் தெரிய வேண்டியது எந்தப் பாசிக்கு என்ன விலை என்பது. கட்டக்கோரையும் பக்கோடாவும் ஆல்ஜினேட் எடுக்கப் போகும். துணியில் சாயம் அச்சிடும் பசை முதல் பல் மருத்துவர் அச்செடுக்கும் மாவு வரை அது பயன்படுகிறது. மரிக்கொழுந்து பாசியும் கஞ்சிப் பாசியும் சிவப்பு வகை. அகர் எடுக்கப் போகும். நோன்பு மாதத்தில் வீட்டில் காய்ச்சும் கடல்பாசி இந்தச் சிவப்புக் கூட்டத்திலிருந்து வருவது. வணிகத்துக்கு அந்த நான்கு பெயர் போதும், அது நன்றாகவே வேலை செய்கிறது. கட்டக்கோரை என்று அவர்கள் சொல்வது பல சர்காச இனங்களைச் சேர்த்துத்தான். அதில் தவறு ஒன்றுமில்லை.

கடல்பாசி என்றதும் வாயில் வைத்துப் பார்க்கலாமா என்று சிலருக்குத் தோன்றும். சர்காச வகைகளை அப்படிச் சோதிக்க வேண்டாம். ஜப்பானியர் உண்ணும் ஹிஜிக்கி ஒரு சர்காசம். அதில் ஆர்சனிக் அதிகம் என்று பிரிட்டன் உணவுத் தர அமைப்பு 2004-இல் சாப்பிட வேண்டாமென்று அறிவுறுத்தியது. இனம் காண நாக்கு தேவைப்படாது.

சேகரிக்கும் இடமும் முக்கியம். தூத்துக்குடியிலிருந்து பாம்பன்வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் போய்ப் பிடுங்கக் கூடாது. கரை ஒதுங்கியதே நமக்குத் தாராளம். பாறையில் உயிரோடு நிற்பதைக் குட்டை நீரிலேயே படமெடுக்கலாம். அடித்தட்டு, நடுத்தண்டு, குமிழ், கதிர் என்று நாலு படம், பக்கத்தில் அளவுகோலோ ஒரு ரூபாய் நாணயமோ வைத்து.

எடுத்து வந்ததைக் குழாய்த் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், கடல்நீரிலேயே அலசி மணலைப் போக்குங்கள். காய்ந்து முறுக்கேறியதாக இருந்தால் கடல்நீரில் சிறிது நேரம் போட்டால் இலை விரிந்து வடிவம் திரும்பும். அகலத் தட்டில் நீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் கெட்டித் தாளை நுழைத்து மெல்லத் தூக்கினால் கிளைகள் தாள் மேல் விரிந்து படியும். மேலே மெல்லிய துணி, அதன் மேல் மையொற்றுத் தாள், பிறகு பாரம். தினமும் மையொற்றுத் தாளை மாற்ற வேண்டும். மெல்லிய பாசிகள் தம் பசையிலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். கட்டக்கோரை ஒட்டாது, காய்ந்ததும் கழன்று வரும். ஊசி நூலால் தாளோடு இரண்டு தையல் போட வேண்டும். ஓரத்தில் தேதி, ஊர், ஆழம், பாறையா பவளமா, ஒதுங்கியதா பறித்ததா என்று எழுதுங்கள். இனப் பெயர் நிச்சயமில்லை என்றால் 'சர்காசம்' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டுவையுங்கள், பென்சிலில்.